ரதிக்கு எந்தச் சேலை?

மாசி மாதத்து அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்று தொடங்கி பௌர்ணமி வரைக்கும் இரவில் தப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சிவனுடைய தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்து போவான். ரதி அழுவாள். பிறகு அவன் எழுந்து வருவான். ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். இந்தக் கதை தெரியாத பிள்ளையைத் தோட்டத்தில் காண்பது கஷ்டம்.

நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது காமன் கூத்தைப் பற்றி ஓர் ஒப்படை எழுதினேன். சடங்கு, சமூக ஒற்றுமை, தொழிலாளர் வாழ்வு என்று இருபது பக்கம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். அந்த இருபது பக்கத்தில், ரதி என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள், மன்மதன் எரிந்த பிறகு எதை உடுத்தினாள் என்று ஒரு வரிகூட இல்லை. அது முக்கியமான விடயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியின் பெறுமதியை ராகலையில் எங்கள் பெண்கள் குழுவோடு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்த பிறகுதான் உணர்ந்தேன்.

குழுவில் 14 பெண்கள். ஒன்பது பேர் தோட்டத்திலேயே இருப்பவர்கள். ஐந்து பேர் வன்னியில் இருந்து வந்தவர்கள். வந்தவர்கள் என்று சொல்வதும் சரியல்ல, திரும்பி வந்தவர்கள் என்றே சொல்ல வேண்டும். 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது மலையகத்தில் இருந்து பல குடும்பங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போயின. 1983இலும் போயின. அங்கே காடு வெட்டி, கிணறு வெட்டி, தோட்டம் செய்து வாழ்ந்த அந்த மக்களையும் யுத்தம் விடவில்லை. 2009க்குப் பிறகு, எல்லாவற்றையும் இழந்த சிலர் உறவினரைத் தேடி மீண்டும் மலைக்கு வந்தார்கள். ஆறு வயதில் தாயின் இடுப்பில் போன ஒரு அக்கா, மகளோடு தனியாகத் திரும்பி வந்தார். கணவர் 2009 மே மாதத்தில் இருந்து இல்லை. "செத்தவர் எண்டு சொல்லேலாது, இருக்கிறார் எண்டும் சொல்லேலாது" என்பார்.

இந்தப் பதினான்கு பேரும் தாங்களே ஒரு நாடகம் போட வேண்டும் என்று கேட்டார்கள். கதை, ரதியின் கதை. காமன் கூத்தில் ரதி வேடத்தையும் வழமையாக ஆண்களே போடுவார்கள். "இத்தன வருசமா ஆம்பளைங்க அழுதாங்க, ஒரு தரம் நாங்க அழுது பாக்குறோமே மிஸ்" என்று ஒரு கொழுந்துக்காரம்மா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நடிப்பு அவர்களுக்குத் தானாக வந்தது. மேடையை எப்படி அமைப்பது, எதை உடுத்துவது என்பதில்தான் தடுமாறினார்கள். பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஓர் ஆசிரியை ஞாயிறுகளில் வந்து உதவச் சம்மதித்தார்.

முதலில் நான் செய்த பிழை

ஆசிரியை வருவதற்கு முன்பே நான் நுவரெலியாவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்துவிட்டேன். பளபளக்கும் ஜரிகைத் துணி, தங்கத்தாள், ரெஜிபோம் அட்டைகள். கையில் இருந்த காசில் பாதிக்கு மேல் போய்விட்டது. நாடகம் என்றால் மினுங்க வேண்டும் என்பது என் நினைப்பு.

ஆசிரியை பையைத் திறந்து பார்த்தார். என்னை ஏசவில்லை. "மிஸ், ரதி இந்த நாடகத்துல எத்தனை தரம் மேடைக்கு வாறா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "அவ வரும்போது பகலா, இரவா? வேலைக்குப் போற வழியா, வீட்டு வாசலா?" அதுவும் தெரியவில்லை. "அப்ப இந்தத் துணி யாருக்கு?"

அன்றைய பாடம் அதுதான். காட்சியமைப்பும் வேட உடையும் கடையில் தொடங்குவதில்லை, கதையில் தொடங்குகின்றன. ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டோம். காட்சி எண், இடம், நேரம், யார் யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள், கையில் என்ன இருக்க வேண்டும், என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று ஏழு நிரல்கள். எங்கள் நாடகம் ஐந்து காட்சி. நிரப்பிப் பார்த்தபோது, ரதிக்கு உண்மையில் இரண்டு உடை மாற்றமே தேவை என்பதும், மூன்றாம் காட்சிக்கும் நான்காம் காட்சிக்கும் இடையில் மாற்றுவதற்கு ஒரு பாட்டின் நேரமே இருக்கிறது என்பதும் தெரிந்தன. இதைக் கடையில் நின்றபோது நான் நினைத்தே பார்க்கவில்லை. வாசிக்கும் சகோதரிகள் யாராவது நாடகம் போட எண்ணினால், பணப்பையைத் திறக்கும் முன் இந்தக் கொப்பியைத் திறவுங்கள்.

யார், எங்கே இருந்து பார்க்கிறார்கள்?

இரண்டாம் ஞாயிறு, பார்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. காமன் கூத்துக்குத் திரையும் இல்லை, சீனும் இல்லை. கம்பம் நிற்கும் வெளியில், சுற்றி நிற்கும் சனங்களுக்கு நடுவே ஆடுவார்கள். மட்டக்களப்புக் கூத்தின் வட்டக்களரியும் அப்படித்தான். நாலு பக்கமும் ஆட்கள் இருந்தால் உயரமான எதையும் நடுவில் வைக்க முடியாது, ஒரு பக்கத்தாருக்கு மறைக்கும். ஆகவே அங்கே உடைதான் காட்சி. வடமோடிக் கூத்தில் அரசனுக்கு வளையம் கட்டி விரித்த கரப்புடையும் உயர்ந்த முடியும் இருப்பது, எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும், தூரத்தில் இருந்து பார்த்தாலும் இவன் அரசன் என்று தெரிய வேண்டும் என்பதற்காகவும்தான். தமிழ்நாட்டின் கட்டைக்கூத்துக்கு அந்தப் பெயர் வந்ததே கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் என்ற கட்டை அணிகலன்களால். கனமில்லாத மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் சிறு கண்ணாடியும் ஒட்டியிருப்பார்கள். தீப்பந்த வெளிச்சத்திலும் அது மின்னும். அங்கே மினுக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. என் ஜரிகைக்குக் காரணம் இருக்கவில்லை.

ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடை நமக்குப் பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பார்சி நாடகக் குழுக்களின் வழியாகத் தர்பார், காடு, தெரு என்று எழுதிய திரைகள் தமிழ் மேடைக்கு வந்தன. யாழ்ப்பாணத்திலும் கொட்டகை போட்டு ஆடினார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடைக்குக் கொண்டுவந்தபோது, இரவிரவாக வட்டக்களரியில் ஆடியதைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கி, ஒரு பக்கம் இருக்கும் சபைக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. இடம் மாறினால் எல்லாமே மாறும்.

எங்களுக்குக் கிடைத்தது சனசமூக நிலைய மண்டபத்து மேடை. நாடாவைப் பிடித்து அளந்தோம். அகலம் 20 அடி, ஆழம் 14 அடி. ஓர் அடியை அரை அங்குலமாக எடுத்தால் 10 அங்குலத்துக்கு 7 அங்குலம், சாதாரண ஏ4 தாளில் அடங்கும். அப்படி மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த படத்துக்குத் தளப்படம் என்று பெயர். பிறகு இரண்டு பேர் முன்வரிசையின் இரண்டு ஓரங்களிலும் ஒருவர் கடைசி வரிசையிலும் போய் அமர்ந்து, எது தெரிகிறது, எது மறைகிறது என்று சொன்னார்கள். ஓரத்துக் கதிரையில் இருந்தவருக்கு மேடையின் ஒரு மூலை தெரியவே இல்லை. அந்த மூலையில் முக்கியமான எதையும் வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெண்தான் அன்று மிகத் துல்லியமாகத் தளப்படம் வரைந்தார்.

பத்துக்குப் பன்னிரண்டு

ரதியின் வீடு லயம் என்று குழு முன்பே தீர்மானித்துவிட்டது. அறையைத் தளப்படத்தில் போட வேண்டுமே என்று எல்லோரும் வீட்டுக்குப் போய் அளந்து வந்தார்கள். பலருடைய அறையும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். தாளில் போட்டபோது ஒரு நிமிடம் பேச்சு நின்றது. எங்கள் மேடை 280 சதுர அடி. அறை 120 சதுர அடி. மேடைக்குள் இரண்டு குடும்பத்தின் அறையை வைத்த பிறகும் மிச்சம் இருந்தது.

"நாடகத்துக்குப் போற வீடு நம்ம வீட்ட விடப் பெருசுங்க" என்று ஒருவர் சொன்னார். என் ஒப்படையின் இருபது பக்கமும் சொல்லாததை அந்தத் தாள் சொல்லியது.

சுவர் எழுப்ப வேண்டுமா என்ற கேள்வி வந்தது. ஆசிரியை கேட்டார்: "லயத்து வீடு எண்டதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகம் வருது?" ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அடுப்படிப் புகை. தகரம். படிக்கட்டு. வாசலில் கட்டிய கொடி. கொடி என்றதும் பலர் தலையாட்டினார்கள். ராகலைக் குளிரில் துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாது. எந்த லயத்து வாசலிலும் கொடியும் துணியும் இல்லாத நாள் இல்லை. வன்னி அக்காவும் சொன்னார்: "முகாமிலயும் முதல்ல கட்டினது கொடிதான்."

அதுவே எங்கள் காட்சியமைப்பு ஆனது. ஒரு கதவு நிலை, அதன் முன் இரண்டு யூக்கலிப்டஸ் கம்புகளுக்கு நடுவே ஒரு கயிறு. அவ்வளவுதான். கம்புகளை மண் நிரப்பிய தகர வாளிகளில் நட்டோம். சுவர் இல்லாவிட்டாலும் நிலையைக் குனிந்து தாண்டி வந்தால் அது வீடு என்று சபை புரிந்துகொள்ளும். ஒரே நிபந்தனை, எல்லோரும் அந்த நிலை வழியாகவே வர வேண்டும். ஒருவர் மறந்து "சுவர்" வழியாக நடந்துவிட்டால் வீடு அங்கேயே இடிந்துவிடும்.

இப்படி ஒரு பொருளையே முழு வீடாக, முழு நாடாகக் காட்டுவது புதிதல்ல. ஜெர்மனிய நாடகாசிரியர் பேர்டோல்ட் பிரெக்ட் 1939இல் எழுதிய ஒரு நாடகத்தில், யுத்தத்தின் நடுவே வண்டியில் சாமான் விற்றுப் பிழைக்கும் ஒரு தாய் தன் மூன்று பிள்ளைகளையும் ஒவ்வொருவராக இழக்கிறாள். 1949இல் பெர்லினில் அது மேடையேறியபோது, அந்த வண்டிதான் காட்சியின் மையம். நாடகம் போகப் போக வண்டி பழசாகிக்கொண்டே வரும். கடைசியில் அதை அவள் தனியாக இழுத்துக்கொண்டு போவாள். நம் நாட்டில் ஹென்றி ஜயசேன 1972இல் அதைச் சிங்களத்தில் மேடையேற்றினார். இந்தக் கதையை ஆசிரியை சொன்னபோது, "வண்டிய வச்சு அந்தம்மா, கொடிய வச்சு நாம" என்றார் ஒரு பாட்டி.

கொடியில் ஒரு சட்டை

மன்மதன் எழுந்து வந்தாலும் ரதிக்கு மட்டுமே தெரிவான் என்பதை எப்படிக் காட்டுவது? ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் சபைக்கும் தெரிந்துவிடும். கொடியில் அவனுடைய சட்டை தொங்கட்டும், ரதி அந்தச் சட்டையோடு பேசட்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வன்னி அக்கா ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். உள்ளே மடித்து வைத்த நீலக் கோட்டுச் சட்டை. கணவருடையது. பங்கரில் இருந்து பங்கருக்கு ஓடியபோதும், முகாமில் இருந்தபோதும், பிறகு பஸ்ஸில் மலை ஏறியபோதும் அவர் கைவிடாதது. "இதை வையுங்கோ. இதைவிட உண்மையான சட்டை வேறெங்க இருக்கு?" என்றார்.

நான் உருகிப்போனேன். எவ்வளவு பெரிய மனது என்று நினைத்தேன். சபையும் கண் கலங்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், இதை அறிக்கையில் எழுதலாம் என்றும் நினைத்தேன். ஆசிரியை அந்தச் சட்டையைத் தொடவே இல்லை.

"அக்கா, மேடையில வாற சாமான் கீழ விழும். யாராவது மிதிப்பாங்க. ஒத்திகையில பத்துத் தரம் பிடிச்சு இழுப்பாங்க. வேர்வை படும். ஒருநாள் துவைக்க வேணும். இதை உங்களால துவைக்க ஏலுமா?"

அக்கா பதில் சொல்லவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாக அவர் அந்தச் சட்டையைத் துவைக்கவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"இது சாமான் இல்ல அக்கா. இது உங்கட ஆள். வீட்ட கொண்டுபோய் வையுங்க. மேடைக்கு நாங்க வேற செய்வம். நீங்களே செய்யுங்க."

காட்சிப் பொருள் பற்றிய அடிப்படை விதி அது. மேடையில் இருப்பது உண்மையாகத் தோன்ற வேண்டும், உண்மையாக இருக்கத் தேவையில்லை. மீண்டும் மீண்டும் பாவிக்க, உடைக்க, தைக்க, மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். எங்களைப் போன்ற குழுக்களுக்கு இதில் இன்னொரு அர்த்தமும் உண்டு. யுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்களிடம் உள்ள கொஞ்ச நஞ்சத்தையும் "உண்மை வேண்டும்" என்று வாங்கி மேடையில் வைப்பது நாம் செய்யும் இன்னொரு பறிப்பு. சமூகப் பணியில் இருக்கும் எனக்கு இது பெரிய பாடம்.

தேயிலையில் தோய்த்த துணி

அப்படியானால் புதுச் சட்டையைப் பழசாக்க வேண்டும். ராகலைக்கென்றே படைத்தது போன்ற ஒரு விடயத்தை அன்று படித்தோம். உலகமெங்கும் நாடக உடை தைப்பவர்கள் வெள்ளைத் துணியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துத்தான் மேடைக்கு அனுப்புவார்களாம். தூய வெள்ளை, விளக்கொளியில் கண்ணைக் கூச வைக்கும். நடிப்பவரின் முகத்தைப் பார்க்க விடாது. தேயிலையில் தோய்த்தால் வெள்ளை சற்று மங்கி, பாவித்த துணிபோல் ஆகும். "நாம பறிக்கிற கொழுந்து எங்கெல்லாம் போகுது பாருங்க" என்று சிரித்தார்கள்.

நாங்கள் செய்த முறை இது. ஒரு சட்டைக்கு மூன்று லீற்றர் தண்ணீரில் 50 கிராம் தூள் தேயிலையும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்தோம். சட்டையை முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பிறகே சாயத்தில் போட வேண்டும். காய்ந்த துணியைப் போட்டால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அரை மணி நேரம் கிளறிக்கொண்டே இருந்து, அலசி, நிழலில் உலர்த்தினோம். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறும். ஆகவே சிறு துண்டில் முதலில் பரீட்சித்துப் பார்ப்பது நல்லது. பருத்தி நன்றாகச் சாயம் பிடிக்கும், பொலியெஸ்டர் பிடிக்காது. கழுத்துப் பட்டி, கை விளிம்பு, முழங்கை ஆகிய இடங்களைச் சாண்ட் பேப்பரால் மெதுவாகத் தேய்த்தோம். வேலை செய்யும் மனிதனுடைய சட்டை அங்கேதான் முதலில் தேயும்.

உடை பற்றி ஆசிரியை சொன்ன ஒழுங்கு எளிமையானது. முதலில் உருவம், பிறகு நிறம், பிறகு துணி, கடைசியில்தான் பூ வேலையும் மணியும். முப்பது அடி தூரத்தில் நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எது தெரிகிறதோ அதற்குத்தான் செலவு. நிறத்தை மேடை வெளிச்சத்தில் வைத்தே தெரிவு செய்ய வேண்டும். பச்சை வெளிச்சத்தில் சிவப்புச் சேலை கறுத்துப் போவதை அன்று கண்ணால் பார்த்தோம்.

அளவெடுக்கும்போது நெஞ்சு, இடுப்பு, தோளில் இருந்து மணிக்கட்டு, இடுப்பில் இருந்து தரை, தலைச் சுற்று ஆகியவற்றைக் கொப்பியில் எழுதிக்கொண்டோம். தையலின் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டால் நாளை வேறொருவருக்குப் பெரிதாக்கலாம். அவசரமாக மாற்ற வேண்டிய உடைக்குப் பொத்தான் வேண்டாம், ஒட்டுப்பட்டி போதும். சேலையின் கொசுவத்தை முன்பே மடித்துத் தைத்து ஹூக் வைத்துவிட்டால் அரை நிமிடத்தில் கட்டிவிடலாம்.

நெருப்பு வேண்டாம்

காமன் தகனம் இல்லாமல் காமன் கதை இல்லை. மண்டபத்துக்குள் தீ மூட்ட முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டாசாவது கொளுத்தலாம் என்று ஓர் இளம்பெண் சொன்னாள். அதைக் கேட்டதுமே வன்னியில் இருந்து வந்தவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன். அவர் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். "சத்தம் மட்டும் வேண்டாம் மிஸ்" என்றார்.

அன்று ஒரு தீர்மானம் எடுத்தோம். தீ இல்லை, புகை இல்லை, வெடிச் சத்தம் இல்லை. சிவப்பு, மஞ்சள் பருத்தித் துணிகளைக் கீலம் கீலமாகக் கிழித்து, நான்கு பேர் தரையில் குந்தியிருந்து அசைப்பது. தப்பு ஒலி மெல்லத் தொடங்கி, மெல்லவே அடங்கும். என் ஜரிகைத் துணிக்கும் இங்கேதான் ஒரு வேலை கிடைத்தது, கீலங்களுக்கு நடுவில் பொறியாக. நடிப்பவர்களுக்குப் பருத்தி உடைதான் என்றும் உறுதியாக வைத்துக்கொண்டோம். நைலோனும் பொலியெஸ்டரும் தற்செயலாகத் தீப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விளக்கு எரியும் எந்த மேடைக்கும் இது பொருந்தும்.

வெள்ளையா, வேறா?

கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. மன்மதன் எரிந்த பிறகு ரதி எதை உடுத்துவது? வெள்ளைச் சேலை என்று பாதிப் பேர் சொன்னார்கள். "வெள்ளயக் கட்டுனாத்தானே பாக்குறவங்களுக்கு வெளங்கும்?" என்றார் ஒரு மூத்த அம்மா. அவரும் விதவைதான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சபைக்கு உடனே புரிவது வேட உடையின் முதற் கடமை.

வன்னி அக்கா அதுவரை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நான் வெள்ளை கட்டேல்லை. பொட்டும் அழிக்கேல்லை. அவர் வந்தால் என்னை எப்படிக் காணுவார்?"

அதற்குப் பிறகு நடந்த விவாதம் இரண்டு மணி நேரம். பொட்டு வைத்ததற்காகப் பேச்சு வாங்கியவர்கள் பேசினார்கள். நல்ல காரியத்துக்கு முன்வரிசையில் நிற்க விடாததைச் சொன்னார்கள். வெள்ளை கட்டினால்தான் ஆண்கள் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று கட்டியதாகவும் ஒருவர் சொன்னார். பல கலந்துரையாடல்களை நான் நடத்தியிருக்கிறேன். இப்படி மனம் விட்டு அவர்கள் பேசியதில்லை. ஏனென்றால் இங்கே யாரும் "உங்கள் பிரச்சினை என்ன?" என்று கேட்கவில்லை. ரதிக்கு என்ன சேலை என்றுதான் கேட்டோம்.

முடிவைச் சொன்னவர் ஒரு கொழுந்துக்காரம்மா. "எம் புருசன் செத்து காரியம் முடிஞ்ச மறு நாளு நான் என்ன உடுத்துனேன்? படங்கத்தானே கட்டுனேன். கூடையத்தானே தூக்குனேன்."

அதுவே எங்கள் ரதியின் உடை. அதே சேலை, அதே பொட்டு. அழுது முடிந்ததும் கொடியில் இருந்து படங்கை எடுத்து இடுப்பில் கட்டுவாள், தலையில் துண்டைப் போட்டுக் கூடையை மாட்டுவாள். உடை மாற்ற மேடைக்குப் பின்னால் போகவே தேவையில்லை. மூன்றாம், நான்காம் காட்சிக்கு நடுவே இருந்த நேரப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. வெள்ளைச் சேலை கேட்ட அம்மாவிடம் சம்மதமா என்று கேட்டேன். "இது வெள்ளய விட நல்லா வெளங்குது" என்றார்.

அன்று மாலை

நாடகம் 35 நிமிடம் நடந்தது. மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. இரண்டாம் காட்சியில் ஒரு வாளி சரிந்து கம்பு சாய்ந்தது. ரதி பேசிக்கொண்டே அதை நிமிர்த்தி வைத்தாள். லயத்தில் கொடிக்கம்பு சாய்வது புதினமா என்ன, சபை அதை நாடகத்தின் பகுதி என்றே நினைத்தது. ரதி கொடியில் தொங்கிய சட்டையின் பொத்தானைப் போட்டுவிட்டுப் பேசத் தொடங்கியபோது மண்டபத்தில் ஒரு குழந்தை இருமுவது மட்டும் கேட்டது. படங்கைக் கட்டியபோது பின்னால் நின்ற ஆண்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வன்னி அக்கா நடிக்கவில்லை. திரைக்குப் பின்னால் உடைகளுக்குப் பொறுப்பாக நின்றார். மேடைச் சட்டையைத் தைத்ததும் தோய்த்ததும் தேய்த்ததும் அவர்தான். தன் வீட்டுப் பையில் உள்ளதைப் போலவே நீலக் கோடு விழ, அதே இடத்தில் ஒரு பொத்தானை வேறு நிறத்தில் வைத்திருந்தார். முடிந்ததும் எல்லா உடைகளையும் எண்ணி, பட்டியலில் சரி போட்டு, பெட்டியில் அடுக்கினார்.

குழு இப்போது அந்தப் பெட்டியை ஒரு சிறு தொழிலாக்க முயல்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டிக் காலத்தில் பாடசாலைகளுக்கு வேட உடை தேவைப்படும். தூர நகரங்களில் இருந்து வாடகைக்கு எடுப்பதைவிட அருகில் கிடைத்தால் பெற்றோருக்கும் இலாபம். பெரிய வருமானம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தையல் தெரிந்த மூன்று பேருக்கு ஆண்டில் சில மாதங்கள் கைவேலை கிடைக்கலாம். பிள்ளைகள் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுத்து, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ இதையே முறையாகப் படிக்கலாம் என்பதும் பல தாய்மாருக்கு அன்றுதான் தெரிந்தது.

உங்கள் சங்கத்திலும் இதைத் தொடங்கலாம். ஒரு கதை, ஒரு கொப்பி, ஓர் அளவு நாடா, கொஞ்சம் தேயிலைத் தூள் போதும். கதையை நீங்களே தெரிவு செய்யுங்கள். எதை மேடையில் வைப்பது, எதை வீட்டிலேயே வைப்பது என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள். அந்தத் தீர்மானத்தை வேறு யாரிடமும் விட்டுவிடாதீர்கள், என்னைப் போன்ற மிஸ்மாரிடமும்தான்.

சென்ற வாரம் பெட்டியைத் திறந்தபோது மேடைச் சட்டையின் கைப்பக்கம் கிழிந்திருந்தது. நான் பதறி அக்காவிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "இது நாடகத்துச் சட்டைதானே மிஸ். தாங்கோ, தைச்சு விடுறன்."